ட்யூஷன் பிள்ளைகளோடு கொண்டாட விசித்திர நாட்கள்: வடசென்னைக்கு எது ஒத்துவரும்?

கொருக்குப்பேட்டை ட்யூஷன்

வணக்கம். சாயங்கால ட்யூஷனுக்கு 25 பிள்ளைகள் வருகிறார்கள், ஆறாவது முதல் ஒன்பதாவது வரை. காலண்டரில் சிவப்பு எழுத்தில் இல்லாத நாட்களாகப் பார்த்து மாதம் ஒன்று கொண்டாடலாம் என்று திட்டம். பை நாள், இடக்கையர் நாள், கடற்கொள்ளையர் மாதிரிப் பேசும் நாள் என்று இணையத்தில் பட்டியல் நீளமாகக் கிடக்கிறது. ஆனால் கொண்டாடும் விதம் எல்லாம் அந்த ஊருக்கு ஏற்றபடி இருக்கிறது. கையில் இருப்பது ஒரு மொட்டை மாடி, இரண்டு கேரம் போர்டு, ஒரு நாளைக்கு 500 ரூபாய். கேக் வெட்டிக் கைதட்டிவிட்டுக் கலைவது வேண்டாம், பிள்ளைகள் கையால் ஏதாவது செய்ய வேண்டும். எந்த நாள், என்ன சாமான், எங்கே சொதப்பும்? சொன்னால் உதவியாக இருக்கும்.

தூக்குக்குண்டு

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றில் ஆரம்பியுங்கள்: நிழலில்லா நாள். சென்னைக்கு வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 24-ம் ஆகஸ்ட் 18-ம். நம் ஊர் 13.1 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே ஏறும்போது ஒரு தரம், தெற்கே இறங்கும்போது ஒரு தரம் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். டெல்லி கடகரேகைக்கு அப்பால் இருப்பதால் அங்கே இந்த நாளே கிடையாது.

நேரம் 12.00 இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் 80.3-ல் இருக்கிறோம், அதனால் உச்சி ஒன்பது நிமிஷம் பிந்தும். பூமியின் ஓட்டத்தில் உள்ள ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் ஏப்ரலில் 12.07, ஆகஸ்டில் 12.13.

பெரும்பாலும் தப்பு நடப்பது தேதியில் இல்லை. ஒரு நாள் முன்பின் ஆனால் சூரியன் மூன்றில் ஒரு பாகைதான் நகர்ந்திருக்கும்; ஒரு அடிக் குச்சிக்கு நிழல் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அதனால் எண்ணூர்க்காரர்கள் 25-ம் தேதி பார்த்தாலும் சரிதான். நேரம் அப்படியில்லை. நாலு நிமிஷம் பிந்தினால் அதே குச்சிக்கு ஐந்து மில்லிமீட்டர் நிழல் விழும். அதைவிட ஏமாற்றுவது தரை. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மாடித் தளத்தை நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் போட்டிருந்தாலே, அதில் நிற்கும் ஒரு அடிக் குச்சி மூன்று மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். நேரம் சரியாக இருந்தும் நிழல் போகவில்லை என்று பிள்ளைகள் முகம் வாடுவது இதனால்தான்.

இங்கேதான் உங்கள் கேரம் போர்டு கைகொடுக்கும், வீட்டில் அதைவிடத் தட்டையான பரப்பு கிடையாது. நாலு மூலைக்கும் அட்டைத் துண்டு கொடுத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் இல்லையென்றால் ஒரு கோலிக்குண்டு போதும், உருளாமல் நின்றால் சரி. போர்டு அரைமணிக்கு மேல் வெயிலில் கிடக்க வேண்டாம், பலகை வளையும்.

நடுவில் நிறுத்த ஒரு அடி பிவிசி பைப். பைப்பைச் சுற்றி ஒரு காகிதத்தை விளிம்போடு விளிம்பு சேரும்படி சுற்றி, அந்த ஓரத்தில் கோடு போட்டு ஆக்ஸா பிளேடால் அறுங்கள். கண்ணளவில் அறுத்தால் கோணலாக நிற்கும். குச்சியைவிடப் பைப் நல்லது, ஏனென்றால் 12.07-க்கு வெளியே நிழல் மறையும் அதே வேளையில் உள்ளே அடிவரை வெயில் இறங்கும். அதைப் பார்க்கக் குனிந்தால் தலையே மறைத்துவிடும். பக்கத்திலிருந்து செல்போனை நீட்டிப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

போட்டியும் வைக்கலாம். இன்னொரு போர்டில் 19 காய்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கோணலாக அடுக்கியவர் பக்கம் உச்சி நேரத்திலும் நிழல் எட்டிப்பார்க்கும், நடுவரே தேவையில்லை.

11.45-க்கே தொடங்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள் (போர்டின் மேல் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டிக்கொள்ளவும்). மேற்கே விழுந்த நிழல் சுருங்கிச் சுருங்கி, 12.07 தாண்டியதும் கிழக்கே தலைநீட்டும். ஏப்ரல் உச்சிவெயிலில் தளம் கொதிக்கும், செருப்பில்லாமல் யாரையும் மாடியேற்றாதீர்கள். சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது, இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மிச்சப் பணத்துக்கு நுங்கோ தர்பூசணியோ வாங்கலாம்.

பெயிண்ட் டப்பா

பை நாளை மார்ச் 14-ல் வைக்காதீங்க. மாசத்தை முன்னாடி எழுதுறவங்களுக்குத்தான் அது 3/14. 1988-ல சான் பிரான்சிஸ்கோவுல எக்ஸ்புளோரட்டோரியம்ங்கிற அறிவியல் அருங்காட்சியகத்துல லாரி ஷா ஆரம்பிச்சது. 2019-ல யுனெஸ்கோ அதையே கணித நாளா அறிவிச்சது. நாம தேதியைத்தான் முன்னாடி எழுதுறோம், ஸ்கூல்ல படிக்கிறதும் 22/7. அதனால ஜூலை 22.

காலி பெயிண்ட் டப்பா, எவர்சில்வர் தட்டு, குடம் எது கிடைச்சாலும் சரி. விட்டத்தை ஸ்கேல் வச்சுக் கண்ணால பிடிக்கக் கூடாது, நடுப்புள்ளி தவறும். டப்பாவோட ரெண்டு பக்கமும் செங்கல்லை ஒட்டி வச்சுட்டு, செங்கல்லுக்கு நடுவுல அளங்க. சுற்றளவுக்கு மெல்லிசான காகிதப் பட்டை. சணல் கயிறு சுத்துனா கணக்கு கெடும்: ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் இருந்தா சுற்றளவுல ஆறு மில்லிமீட்டர் கூடிடும், 20 செ.மீ. டப்பாவுக்குச் சுற்றளவை விட்டத்தால வகுத்தா விடை 3.14-க்குப் பதிலா 3.17-னு நிக்கும். தப்பு எங்கே நடந்துச்சுன்னு பிள்ளைங்களையே கண்டுபிடிக்க விடுங்க, அதுதான் இதுல ருசி.

சைக்கிளையும் உருட்டலாம். டயர்ல சாக்பீஸ் கோடு, பத்துச் சுத்து, டேப்ல தூரம். மேல யாரும் உக்காரக் கூடாது, டயர் அமுங்கி தூரம் குறையும்.

வெளிநாட்டுல உச்சரிப்புப் பொருத்தத்துக்காக அன்னைக்கு 'பை'ங்கிற பலகாரம் சாப்பிடுவாங்க. நமக்குப் பைன்னா துணிப்பை. பழைய சட்டையில ஆளுக்கொரு பை தைக்கச் சொல்லுங்க, பொருத்தமும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

மாவு அரவை

மார்ச் 30 இட்லி நாளை விட்டுடாதீங்க, 2015-ல சென்னையில சமையல்காரர் இனியவன் ஆரம்பிச்சது. 25 பேருக்கு ஆளுக்கு மூணுன்னா இட்லி அரிசி ஒரு கிலோ, உளுந்து கால் கிலோ, வெந்தயம் ஒரு ஸ்பூன். மார்ச் கடைசிச் சூட்டுல ஆறேழு மணி நேரத்துல மாவு பொங்கிடும், ராத்திரி முழுக்க வெளியே விட்டா புளிச்சுடும். கலர் இட்லி கேட்டா பீட்ரூட் விழுதைத் தட்டுல ஊத்துறதுக்குச் சற்று முன்னாடி, கொஞ்சமா கலக்குங்க. சாறு அதிகமானா மாவு நீர்த்து இட்லி சப்பையாயிடும்.

ஸ்டிரைக்கர்

ஆகஸ்ட் 13 இடக்கையர் நாள், 1976-லிருந்து உண்டு. கேரம் போர்டு இருக்கும்போது வேறென்ன வேண்டும்? வலக்கைக்காரர் இடக்கையால் மட்டும் அடிக்க வேண்டும், இடக்கைக்காரர் தன் கையாலேயே அடிக்கலாம். அன்றைக்கு ஒரு நாளாவது அவர்களுக்குச் சாதகமான ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று, வைத்தால் இருட்டிவிடும், கைமாறினால் காய் விழ நேரமாகும். இரண்டு சுற்றோடு முடியுங்கள். பவுடரைக் குறைவாகப் போடுங்கள், பழகாத கையில் ஸ்டிரைக்கர் வழுக்கும்.

நம்ம பக்கத்துக்கே உரிய நாள் இன்னொன்றும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு அருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்கிற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் நினைவுக் கல் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். அன்றைக்கு உயிர்ச்சேதமும் உண்டு, ஆகவே வெடி வேண்டாம்.

கொருக்குப்பேட்டை ட்யூஷன்

எல்லாருக்கும் நன்றி. தூக்குக்குண்டு அண்ணா, இரண்டு சந்தேகம். அந்தத் தேதி வேலைநாளாக இருந்தால்? ஆகஸ்டில் மேகம் மூடினால்?

தூக்குக்குண்டு

ஏப்ரல் 22-லிருந்து 26-க்குள் ஞாயிறு வந்தால் அன்றைக்கே வையுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போனாலும் ஒரு அடிக்கு நிழல் மூன்று நாலு மில்லிமீட்டர்தான், பைப்பின் தடிமனில் அது கண்ணுக்குப் படாது. ஆகஸ்டில் வானத்தை நம்ப முடியாது, அதனால் ஏப்ரலையே முக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியில் தெரிந்தவர் இருந்தால் அதே நாளில் அங்கேயும் ஒரு அடிக் குச்சி நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே உச்சி 12.18 வாக்கில் வரும், நிழல் தெற்கே இரண்டரை செ.மீ.க்குச் சற்று அதிகமாக விழும். சூரியன் அங்கே உச்சியிலிருந்து விலகியிருக்கும் கோணம் அது, ஐந்து பாகை. வடக்கு தெற்காக இரண்டு ஊருக்கும் நேர்த்தூரம் சுமார் 555 கி.மீ. ஐந்து பாகைக்கு 555 என்றால் 360-க்கு எவ்வளவு என்று பிள்ளைகளைப் போடச் சொல்லுங்கள், பூமியின் சுற்றளவு கிடைக்கும். பஸ் போகும் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், விடை பத்தாயிரம் கிலோமீட்டர் எகிறும்.