எடை பார்க்காமல் பள்ளியில் ஆரோக்கியத் திட்டம் நடத்த முடியுமா?

மூணாம் கிளாஸ் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ‘நல்ல பழக்கங்கள்’ திட்டத்தை இந்த வருஷம் என் பொறுப்பில் விட்டிருக்காங்க. சந்தோஷம்தான், ஆனா பயமாவும் இருக்கு.

முன்னாடி வேலை பார்த்த பள்ளியில் திட்டத்தோட முதல் நாளே எடை மெஷினை வகுப்பு வாசலில் கொண்டுவந்து வச்சாங்க. பிள்ளைகள் வரிசையில் நிக்க, ஒருத்தர் எடையைச் சத்தமா வாசிக்க, நான் நோட்டில் எழுதினேன். ஒரு பெண் குழந்தை முறை வந்ததும் பின்னாடி சிரிப்புச் சத்தம். அவள் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் தலையில் இருந்த கிளிப்பையும் கழற்றி என்கிட்ட நீட்டினாள். எட்டு வயசு. அந்த வாரம் முழுக்க டப்பாவைத் திறப்பாள், ரெண்டு வாய் சாப்பிடுவாள், மூடிடுவாள். கேட்டா "பசிக்கலை டீச்சர்". அந்த கிளிப்பை நான் இன்னும் மறக்கலை.

இந்தத் தடவை அப்படி ஒண்ணு நடக்கக் கூடாது. ஆனா தலைமையாசிரியை கேக்கிறதும் நியாயமாத்தான் படுது: "எடை பார்க்கலைன்னா திட்டம் பலிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட் கொடுத்திருக்காங்க. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

விசில் மாஸ்டர்:

டீச்சர், 19 வருஷமா பி.டி. மாஸ்டரா இருக்கேன். முதல்ல அந்த ஒரு பீரியடைப் பத்திச் சொல்லிடறேன். 5 வயசிலிருந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்க சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வாரத்துக்கு ஒரு வகுப்புல "உடற்பயிற்சி நல்லது"ன்னு சொல்லிக்கொடுத்தா அது கடலில் கரைச்ச பெருங்காயம்தான். ஒரு நாள் என் பீரியட்லயே ஒரு பையனை மட்டும் ஸ்டாப் வாட்ச் வச்சுப் பார்த்தேன். 40 நிமிஷத்தில் அவன் நிஜமா ஓடினது 9 நிமிஷம். மீதியெல்லாம் தன் முறைக்காக வரிசையில் நின்னது. அன்னிக்கே நான் வரிசை விளையாட்டுகளை விட்டுட்டேன்.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி 2012ல் ஆரம்பிச்ச ‘டெய்லி மைல்’ உங்களுக்கு ஒத்து வரும். தினமும் 15 நிமிஷம் வெளியே போய் ஓடலாம், நடக்கலாம். உடை மாத்த வேண்டாம், சாமான் வேண்டாம், போட்டியும் இல்லை. எல்லாரும் சுத்திச் சுத்தி வர்றதால யார் முதல், யார் கடைசின்னே தெரியாது. உங்க கிளிப் குழந்தை மாதிரிப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய நிம்மதி. டீச்சரும் கூட நடக்கணும். ஓரமா நின்னு விசில் ஊதினா பத்து நாளில் படுத்துடும், நான் பட்டு அறிஞ்சது.

எடை விஷயம். அமெரிக்காவில் 1991லிருந்து 1994 வரைக்கும் பள்ளி ஆரோக்கியத் திட்டம் பலிக்குதான்னு பார்க்க ‘கேட்ச்’னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 96 பள்ளிகள், மூணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும். திட்டம் நடந்த பள்ளிகளில் மதிய உணவில் கொழுப்பிலிருந்து வர்ற கலோரி 38.7 சதவீதத்திலிருந்து 31.9 ஆகக் குறைஞ்சது. பிள்ளைகள் கூடுதலா ஓடி ஆடினாங்க. ஆனா உடல் பருமனில் மத்த பள்ளிகளோட ஒப்பிட்டா வித்தியாசமே இல்லை. எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தா அத்தனை வேலையும் வீண்னு எழுதியிருப்பாங்க. உங்க தலைமையாசிரியைகிட்ட இதைச் சொல்லுங்க. இந்த வாரம் எத்தனை நாள் நடை நடந்தது, எத்தனை நிமிஷம், விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எத்தனை தடவை கடன் வாங்கினாங்க: இதை எழுதுங்க. அளக்க வேண்டியது பள்ளியை, பிள்ளையை இல்லை.

இரட்டையர் அம்மா:

மாஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க பிள்ளைங்க பள்ளியில் சுவரில் ‘இனிப்பைக் குறைப்போம்’னு போஸ்டர், சரியா பதில் சொன்னா கையில் சாக்லேட். வீட்டுப்பாடம் முடிக்கலைன்னா இடைவேளை கட். பிள்ளைங்களுக்கு இதுல என்ன புரியும்? இனிப்புதான் பரிசு, ஓடுறது சலுகைன்னுதானே?

இன்னொண்ணு, பிடிக்காத காயை ஒரே நாளில் சாப்பிட வைக்கப் பார்க்காதீங்க. பத்து தடவைக்கு மேல நாக்கில் பட்டாத்தான் சில பிள்ளைகளுக்குப் பழகும். என் சின்னவன் முதல்ல மோந்து மட்டும் பார்த்தான். ‘நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு’ங்கற பேச்சும் வேண்டாம். பிள்ளைங்க அதை வச்சுப் பக்கத்து டப்பாவைக் கேலி பண்றாங்க, நானே காதால கேட்டேன்.

கண் பரிசோதகர்:

எடையே பார்க்கக் கூடாதுங்கறதை என்னால ஒத்துக்க முடியலை. வளர்ச்சி குறைஞ்ச குழந்தையை யார் கண்டுபிடிப்பாங்க? ஆனா அது நர்ஸ் வேலை. கதவு சாத்தின அறையில், உயரமும் சேர்த்து எடுக்கணும். முடிவு நேரா பெற்றோருக்கு மட்டும் போகணும்.

நடையை வெளிச்சத்தில் வைங்க. சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிஷம் வெளியிலே கூடுதலா விட்டாங்க. மூணு வருஷத்தில் புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க 30.4 சதவீதம், அப்படி விடாத பள்ளிகளில் 39.5. எடைக்கு உதவுதோ இல்லையோ, கண்ணுக்கு உதவுது.

மூணாம் கிளாஸ் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தலைமையாசிரியைகிட்ட பேசிட்டேன். அந்த ஒரு பீரியடுக்குப் பதிலா, காலையில் இரண்டாவது மணிக்கு அப்புறம் தினமும் 15 நிமிஷம் கொடுக்கச் சம்மதிச்சிட்டாங்க. சாக்லேட் டப்பாவை நானே எடுத்து வச்சுட்டேன். எடை நர்ஸ் அறையில்தான்னு எழுதி வாங்கியாச்சு. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு மாஸ்டர்: மழை நாளில் வராந்தாவில் நடக்க விடலாமா?

விசில் மாஸ்டர்:

தாராளமா. சுவரோரம் இருக்கிற பைகளை மட்டும் முதல்ல உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்க. தடுக்கி விழுறது அதுலதான்.