பின் ஆக்சில் உடைஞ்ச ஜீப்: வேலூர் பக்கம் கிரவுன் பினியன் செட்டிங் தெரிஞ்சவங்க இருக்காங்களா?

அண்ணன்மாரே, ஒரு உதவி. ஜவ்வாது மலை ஏத்தத்துல நம்ம பழைய ஃபோர் வீல் ஜீப் 'டக்'குனு ஒரு சத்தம் விட்டு நின்னுடுச்சு. பின் ஆக்சில் ஷாஃப்ட், ஸ்ப்ளைன் (நுனில வரிவரியா பல்லு வெட்டின இடம்) பக்கத்துல முறுக்கிக்கினு உடைஞ்சிருக்கு. ஆயிலைக் கொட்டினா கூடவே பினியன் (பெரிய கிரவுன் கியரைச் சுத்துற சின்ன கியர்) பல்லு ரெண்டு துண்டு விழுது. பெரிய டயர் போட்டது என் கொழுப்புதான்.

எப்படியும் பிரிச்சாச்சு, பினியன்ல 8, கிரவுன்ல 39 பல்லு இருக்கிற செட்டை எடுத்துட்டு, பெரிய டயருக்கு இழுவை கிடைக்க 8க்கு 43 போடலாம்னு இருக்கேன். அதாவது கியர் ரேஷியோ 4.88 போய் 5.38. முன் ஆக்சிலையும் சேர்த்து மாத்தணும், இல்லன்னா ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் இழுபறிதான்.

ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு, டயல் கேஜ்ல பேக்லாஷ் (ரெண்டு கியர் பல்லுக்கும் நடுவுல இருக்கிற ஆட்டம்) பார்த்து, பல்லுல கலர் தடவித் தடம் பார்க்கிற மெக்கானிக் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைல யாராவது? காதால கேட்டே செட் பண்றவர் வேணாம், ஏற்கெனவே பட்டாச்சு. முன், பின் ரெண்டு ஆக்சிலுக்கும் கிரவுன் பினியன் செட் எங்க கிடைக்கும்?