எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

செம்பூர் அம்மா:
எங்கள் மகள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஏழு வயது, ரத்தப் புற்றுநோய். ஒருமுறை சரியாகி மறுபடியும் வந்துவிட்டது. ஸ்டீராய்டு கொடுத்த நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பசிக்குது என்பாள், சூடாக ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் வேண்டும். இப்போதும் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நேற்று மாட்டுங்காவில் பூ வாங்கும்போது ஒரு மாமி "எத்தனை குழந்தைகள்?" என்றார். "ஒரு பையன்" என்று சொல்லிவிட்டேன். வீடு வரும்வரை, அவளை நானே இல்லையென்று சொல்லிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் அவள் பெயரையே எடுப்பதில்லை. நீங்கள் எல்லாம் என்ன சொல்கிறீர்கள்?

சயான் அப்பா:
நான் "இரண்டு, மூத்தவன் தவறிட்டான்" என்பேன். கேட்டவர் சங்கடப்பட்டால் படட்டும். உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான் நானும் இருந்தேன் சகோதரி, வாயைத் திறந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயம். பேசச் சொல்லாதீர்கள், சும்மா பக்கத்தில் உட்காருங்கள். இப்போது மாதம் ஒருமுறை பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், தானமாகக் கொடுக்கிறேன். அதை எடுத்து ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது, அதனால் ஆள் எப்போதும் தேவை. அவனுக்காக யார் யாரிடமோ போனில் கெஞ்சியிருக்கிறேன், இன்னொரு அப்பா அப்படிக் கெஞ்ச வேண்டாமே.

வாஷி அக்கா:
தம்பி செய்வது பெரிய காரியம், ஆனால் ஒன்பது மாதத்தில் அதெல்லாம் வேண்டாம் கண்ணு. நான் அவசரப்பட்டு முதல் வருஷமே பொம்மை வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன், ஸ்பிரிட் வாசனை வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷம் கழித்துத்தான் முடிந்தது. மும்பை பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசல் நடைபாதையில் வெளியூர்க் குடும்பங்கள் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செயின்ட் ஜூட் மையங்கள் புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு 2006-லிருந்து இலவசமாகத் தங்க இடம் தருகின்றன, சமைத்துக்கொள்ளவும் வசதி உண்டு, அது பலருக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லி, கூடவே போய் விசாரித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். துக்கம் குறையவில்லை, அதைச் சுமக்க உடம்பு பழகிவிட்டது. அப்புறம், மாமியிடம் சொன்னதற்கு உங்கள் பொண்ணு கோபித்துக்கொள்ள மாட்டாள்.

செம்பூர் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி எழுந்து சமையலறைக்குப் போனேன், பின்னாலேயே அவரும் வந்தார். தினமும் முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாராம். ஒன்றும் பேசவில்லை, அடுப்பைப் பற்றவைத்து இரண்டு அப்பளம் சுட்டார். ஒன்றைத் தட்டில் வைத்து, அவளுக்கு ஓரம் கருகினால் பிடிக்காது இல்லையா என்றார்.