இறைநம்பிக்கை நற்பேற்றைக் கொண்டுவருமா?

வழித்துணை:

நம்பிக்கையாளர்களுக்கு நல்லது நடக்கிறது என்று யாராவது சொன்னால், அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும் வழக்கம் பரவலாக இருப்பதால், இந்த இழையை ஒரு திட்டவட்டமான கூற்றுடன் தொடங்குகிறேன். இறைநம்பிக்கை மனிதருக்கு நற்பேற்றைக் கொண்டுவருகிறது. வானத்திலிருந்து பொற்காசு கொட்டும் என்று நான் சொல்லவில்லை. நீண்ட ஆயுள், இக்கட்டான நேரத்தில் எங்கிருந்தோ வந்து சேரும் உதவி, எதிர்பாராமல் திறக்கும் வழி ஆகியவற்றைத்தான் நற்பேறு என்கிறேன். இவை நம்பிக்கையாளர்களுக்குச் சற்றுக் கூடுதலாக வாய்க்கின்றன.

அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2016ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் வெளியாயின. 74,534 பெண்களை 1996 முதல் 2012 வரை கவனித்ததில், வாரத்திற்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக் கூட்டங்களுக்குச் சென்றவர்களின் இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களுடையதைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. வாழ்க்கைமுறை, முன்பே இருந்த நோய்கள் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும் எஞ்சிய வேறுபாடு இது. ஆயுளைவிடப் பெரிய பேறு எது என்று மறுப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அளவுகோல்:

வணக்கம். நீங்கள் சுட்டிய ஆய்வை நான் மறுக்கவில்லை. அதை வைத்து நீங்கள் எட்டும் முடிவைத்தான் மறுக்கிறேன். அந்த ஆய்வாளர்களே புகைபிடிக்காமை, மனச்சோர்வு குறைவாக இருத்தல், பிறருடைய ஆதரவு, எதிர்காலத்தைப் பற்றிய நல்லெண்ணம் ஆகியவற்றின் வழியாகத்தான் இந்தப் பயனில் ஒரு பகுதி வந்திருக்கக்கூடும் என்று ஆராய்ந்தார்கள். புகைபிடிக்காதவர் நீண்ட நாள் வாழ்வதை நாம் அதிர்ஷ்டம் என்று அழைப்பதில்லையே. நம் முயற்சிக்கும் பழக்கத்திற்கும் கட்டுப்படாமல் வந்து விழுவதுதான் அதிர்ஷ்டம். பகடை எப்படி விழுகிறது, அறுவை சிகிச்சையில் எதிர்பாராத சிக்கல் யாருக்கு வருகிறது என்பன போன்றவற்றில் நம்பிக்கை ஏதேனும் வேறுபாட்டை உண்டாக்குகிறதா என்பதே உண்மையான கேள்வி.

இந்தக் கேள்வியை நேராகச் சோதித்த ஆய்வும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சனின் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தமக்காகப் பிரார்த்தனை நடக்குமா என்று தெரியாமலேயே பிரார்த்தனையைப் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், அதே நிலையில் பிரார்த்தனையைப் பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. பிரார்த்தனை நிச்சயம் நடக்கிறது என்று சொல்லப்பட்ட மூன்றாம் குழுவில் அந்த அளவு 59 விழுக்காடாக இருந்தது. ஆய்வுக்குப் பெரும்பங்கு நிதி அளித்தது ஆன்மிகத்தில் ஆர்வம் கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளை என்பதால், நாத்திகர்களின் சூழ்ச்சி என்றும் இதைத் தள்ளிவிட முடியாது.

பிறகு ஏன் வேண்டுதல் பலித்த கதைகளே நம் காதில் விழுகின்றன? இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டது. கடற்புயலில் தப்பியவர்கள் நன்றியாகச் சார்த்திய படங்களைக் காட்டி, 'தெய்வங்கள் மனிதரைக் காப்பதற்கு இத்தனை சான்றுகள் போதாவா?' என்று கிரேக்கச் சிந்தனையாளர் டயகோரசிடம் நண்பர் ஒருவர் கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கும் வரையப்படவில்லையே என்று அவர் பதிலளித்ததாக ரோம அறிஞர் சிசரோ பதிவு செய்திருக்கிறார். பலிக்காத வேண்டுதல்களுக்கு யாரும் நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை.

வழித்துணை:

பென்சனின் ஆய்வு எதைச் சோதித்தது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நோயாளியை ஒருநாளும் கண்டிராத அந்நியர்கள், பட்டியலில் கொடுக்கப்பட்ட முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் வைத்துக்கொண்டு, ஆய்வாளர்கள் எழுதிக்கொடுத்த வாசகத்தையும் சேர்த்துப் பதினான்கு நாட்கள் பிரார்த்தித்தார்கள். நோயாளியின் சொந்த நம்பிக்கை அங்கே அளக்கப்படவே இல்லை. பிரார்த்தனை ஒதுக்கப்படாத குழுவினருக்காக அவர்களுடைய தாயோ பிள்ளையோ வேண்டிக்கொள்வதை எந்த ஆய்வாளரால் தடுத்திருக்க முடியும்? எனவே, இருந்த பிரார்த்தனைகளோடு இன்னும் சில அந்நியப் பிரார்த்தனைகளைச் சேர்த்ததால் வேறுபாடு ஏற்படவில்லை என்பது மட்டும்தான் அந்த ஆய்விலிருந்து பெறக்கூடிய முடிவு.

அதிர்ஷ்டத்திற்கு நீங்கள் தரும் வரையறையும் எனக்குக் குறுகலாகத் தெரிகிறது. மனித வாழ்வில் அதிர்ஷ்டம் பகடையின் வழியாக வருவது அரிது. பெரும்பாலும் பிற மனிதர்களின் வழியாகத்தான் வருகிறது. காலியாக இருக்கும் வேலையைப் பற்றி ஒருவர் சொல்கிறார், நோய் முற்றும் முன் நல்ல மருத்துவரிடம் ஒருவர் அழைத்துப் போகிறார், கைமாற்றாகப் பணம் கொடுத்து ஒருவர் காப்பாற்றுகிறார். இத்தகைய மனிதர்கள் ஒருவரைச் சூழ்ந்திருப்பதே பேறு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 200 கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளின் வரலாற்றை ஒப்பிட்ட ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர், மத அடிப்படையில் அமைந்தவை மதச்சார்பற்றவற்றைவிட நீண்ட காலம் நிலைத்தன என்று 2000ஆம் ஆண்டு எழுதினார். பஞ்சமும் கடனும் சண்டையும் எல்லாக் குடியிருப்புகளையும்தான் தாக்கின, தாக்குப்பிடித்ததில்தான் வேறுபாடு.

தனித்தடம்:

நான் நாள்தோறும் வழிபடுபவன். ஆயினும் வழித்துணை அவர்களின் தரப்பில் என்னால் நிற்க முடியவில்லை. நீங்கள் இருவரும் பக்தியை ஒரு முதலீடாக வைத்துக்கொண்டு, அது எத்தனை விழுக்காடு திருப்பித் தருகிறது என்று வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றில் சாத்தான் எழுப்பும் குற்றச்சாட்டே இதுதான்: யோபு சும்மாவா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறான், செல்வத்தைப் பறித்துப் பாருங்கள், அப்போது தெரியும் என்கிறான். அந்தக் குற்றச்சாட்டைப் பக்தர்களே தங்கள் பெருமையாக எடுத்துச் சொல்லும் காலத்தில் நாம் இருக்கிறோம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் போதனைக்கும் இந்தக் கணக்குவழக்கு பொருந்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர்கள் அனைவரையும் நினைவுகூரும் திருநாளன்று காலையில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்தபோது நிலநடுக்கம் ஏற்பட்டது; கூரைகள் அவர்கள்மீதே இடிந்து விழுந்தன; பின்னர்க் கடற்பேரலையும் தீயும் வந்தன. வழிபாட்டுக்கு வந்ததனாலேயே அன்று பலர் இறந்தார்கள். நம்பிக்கைக்குக் கூலி நற்பேறு என்று சொல்பவர்கள், அந்த மக்களின் நம்பிக்கையில் என்ன குறை இருந்தது என்று சொல்லியாக வேண்டும். நான் சொல்லத் துணிய மாட்டேன்.

அளவுகோல்:

தனித்தடம் அவர்கள் எழுப்பிய கடைசிக் கேள்வியைத்தான் நானும் மையமாகக் கருதுகிறேன். ஆனால் அதற்குமுன், நற்பேறு மனிதர்கள் வழியாக வருகிறது என்ற வாதத்திற்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மதத்திற்கும் செல்வத்திற்கும் இடையே தொடர்பு கண்ட புகழ்பெற்ற கருத்து ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபருடையது. புராட்டஸ்டண்ட் சமய ஒழுக்கம் முதலாளித்துவ வளர்ச்சிக்கு உந்துதலாக இருந்தது என்று அவர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, சாஷா பெக்கர், லுட்கர் வோஸ்மன் என்ற இரு பொருளியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசாக இருந்த பிரஷ்யாவின் மாவட்ட வாரியான பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புராட்டஸ்டண்ட் மாவட்டங்கள் வளமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை எழுத்தறிவே விளக்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஒவ்வொருவரும் விவிலியத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்று புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதர் வற்புறுத்தியதால் பள்ளிகள் பெருகின. படிக்கத் தெரிந்தவர்கள் பொருளும் ஈட்டினார்கள். நம்பிக்கை பள்ளிக்கூடத்தைக் கட்டியது, பள்ளிக்கூடம் வளத்தைக் கொடுத்தது. நம்பிக்கை இல்லாமல் கட்டப்படும் பள்ளியும் அதே வளத்தைக் கொடுக்கும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

நாடுகளை ஒப்பிட்டால் படம் இன்னும் தெளிவாகிறது. அன்றாட வாழ்வில் மதம் முக்கியமானதா என்று கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 2009ஆம் ஆண்டு உலகெங்கும் கேட்டபோது, தலைக்கு 2,000 டாலருக்கும் குறைவான ஆண்டு வருமானம் உள்ள நாடுகளில் இடைநிலை அளவாக 95 விழுக்காட்டினர் ஆம் என்றனர். 25,000 டாலருக்கு மேற்பட்ட நாடுகளில் அது 47 விழுக்காடு. அமெரிக்கா போன்ற விதிவிலக்குகள் உண்டு. வறுமைக்கு நம்பிக்கையே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, அது அபத்தம். துன்பம் மிகுந்த இடத்தில் மனிதர்கள் நம்பிக்கையைப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதே இயல்பான விளக்கம். ஆனால் நம்பிக்கை செல்வத்தைக் கொண்டுவரும் என்பது மெய்யானால், இந்த எண்கள் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1872ஆம் ஆண்டிலேயே ஒரு குறும்பான கேள்வியைக் கேட்டார். பக்தர்கள் உண்மையிலேயே விபத்திலிருந்தும் நோயிலிருந்தும் கூடுதலாகக் காக்கப்படுகிறார்கள் என்றால், காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் விண்ணப்பதாரரின் பக்தியை விசாரிப்பதில்லை? லாபத்திற்காக எதையும் துருவித் துருவிக் கேட்கும் அவை, இதை மட்டும் விட்டுவைத்திருப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு. புகைபிடிப்பீர்களா என்று கேட்டுவிடுகிறார்கள். வழித்துணை அவர்கள் காட்டிய 33 விழுக்காட்டில் ஒரு பங்கு அந்த ஒரு கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது.

இனி, எனக்கு உண்மையில் கவலை தரும் செய்திக்கு வருகிறேன். நம்பினால் நல்லது நடக்கும் என்ற கூற்று தனியாக வருவதில்லை. நல்லது நடக்கவில்லையென்றால் நீ சரியாக நம்பவில்லை என்ற மறுபாதியையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. செழிப்பை இறையருளின் அடையாளமாகப் போதிக்கும் இயக்கங்களில் நோயாளியும் கடனாளியும் இருமுறை தண்டிக்கப்படுகிறார்கள்: முதலில் துன்பத்தால், பிறகு அந்தத் துன்பத்திற்குத் தாங்களே பொறுப்பு என்ற பழியால். அதற்குப் பரிகாரமாக இன்னும் கொஞ்சம் காணிக்கை கேட்கப்படுவதும் தற்செயல் அன்று.

புதுவரவு:

இதுவரை யாரும் மனத்தைப் பற்றிப் பேசவில்லை. அதிர்ஷ்டம் தன் பக்கம் இருப்பதாக நம்புபவர் துணிச்சலுடன் முயல்வார், அதனால் வெல்வார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? அதிர்ஷ்டப் பந்து என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கோல்ஃப் பந்தால் ஆடியவர்கள் சிறப்பாக ஆடியதாக ஓர் ஆய்வு வந்ததே.

அளவுகோல்:

அது 2010ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த சிறிய ஆய்வு. 2014ஆம் ஆண்டு வேறு ஆய்வாளர்கள் கூடுதலான ஆட்களை வைத்து மீண்டும் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

வழித்துணை:

பந்தை நான் துணைக்கு அழைக்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுவோம்.

பழி சுமத்துவதைப் பற்றி அளவுகோல் அவர்கள் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை; நோயாளியிடம் போய் உன் நம்பிக்கை போதவில்லை என்று சொல்பவரை நான் பக்தர் என்றே ஏற்கமாட்டேன். ஆனால் அந்தப் பழி என் கூற்றிலிருந்து தருக்கப்படி பிறக்கவில்லை. உடற்பயிற்சி ஆயுளை நீட்டிக்கும் என்பதால், இளமையில் இறந்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று ஆகிவிடாது. ஒன்று வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதும், அது உத்தரவாதம் அளிக்கிறது என்பதும் வெவ்வேறு. லிஸ்பனில் இறந்தவர்களைக் குறித்துத் தனித்தடம் அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுவே.

'நம்பிக்கை இல்லாமல் கட்டப்படும் பள்ளியும் அதே வளத்தைக் கொடுக்கும்' என்ற வாதத்தை எழுத்தறிவுக்கு ஏற்கலாம்; கூட்டுறவுக்கு அது பொருந்துகிறதா? சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு சமூக அறிவியலாளர்கள் 2010ஆம் ஆண்டு இதைத்தான் ஆராய்ந்தார்கள். வழிபாட்டுக்குத் தவறாமல் செல்பவர்கள் வாழ்வில் மனநிறைவுடன் இருப்பதற்கு, அவர்களுடைய சபையிலேயே நண்பர்கள் இருப்பதுதான் காரணம் என்று கண்டார்கள். உங்கள் தரப்புக்குச் சாதகமாகத் தோன்றும் இந்த முடிவில் இன்னொரு பாதி இருக்கிறது. நண்பர்களின் எண்ணிக்கை மட்டுமே அந்தப் பயனைத் தரவில்லை. சபை நட்போடு, மத அடையாளம் தனக்கு முக்கியம் என்ற உணர்வும் சேர்ந்திருந்தவர்களிடம்தான் பயன் மிகுந்திருந்தது. ஆகவே நம்பிக்கையைக் கழற்றிவிட்டு நட்பை மட்டும் வைத்துக்கொண்டால் அதே பலன் வரும் என்பது இன்னும் நிறுவப்படாத ஊகம். சோசிஸ் ஆராய்ந்த மதச்சார்பற்ற குடியிருப்புகளிலும் நண்பர்கள் இருந்தார்கள், கொள்கை இருந்தது, உற்சாகத்திற்கும் குறைவில்லை. அவை சீக்கிரம் கலைந்தன.

அளவுகோல்:

உங்கள் எதிர்வாதம் வலுவானது என்பதால் அதற்கு உரிய எல்லையையும் குறிப்பிடுகிறேன். உளவியலாளர் எட் டீனரும் வேறு இருவரும் சேர்ந்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட, பல நாடுகளைத் தழுவிய ஆய்வின்படி, வாழ்க்கைச் சூழல் கடினமாக உள்ள சமூகங்களில் மதப் பற்றுடையோர் கூடுதலான மனநலத்துடன் இருக்கிறார்கள். பசியும் பாதுகாப்பின்மையும் குறைந்த சமூகங்களில் பற்றுடையோருக்கும் அற்றோருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு பெரிதாக இல்லை. அரசும் சமூகமும் கைவிட்ட இடத்தில் சபை தாங்குகிறது என்றால், அந்தப் பணியைச் செய்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு நற்பேறு என்று பெயர் வைத்தால், தாங்கிய கைகளுக்கு உரிய நன்றி வேறெங்கோ போய்விடுகிறது.

ஒரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் வேண்டும். ஒரே குலுக்கலில் ஒரு பக்தரும் ஒரு நாத்திகரும் ஆளுக்கொரு சீட்டு வாங்கினால், பக்தருக்கு வாய்ப்பு கூடுதல் என்று நீங்கள் கருதுகிறீர்களா?

வழித்துணை:

இல்லை. இருவருக்கும் சமமான வாய்ப்புதான். ஆனால் பரிசு விழாத பிறகு இருவரும் வீடு திரும்பும்போது, யாருக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் பேற்றை அளக்கிறேன். தாங்குபவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்ற கேள்விக்கு உங்கள் பதிலும் என் பதிலும் ஒன்றாகப் போவதில்லை.

தனித்தடம்:

எவரும் பின்னால் நிற்காத பக்தர்களும் இருக்கிறார்கள். சபையே விலக்கிவைத்தவர்கள், தனியே வேண்டிக்கொள்பவர்கள், வேண்டியது எதுவும் கிடைக்காமல் வாழ்ந்து முடித்தவர்கள். உங்கள் இருவரின் கணக்கிலும் அவர்களுக்கு இடமில்லை என்பதால்தான் இந்த அளவைகளின்மீது எனக்கு ஆர்வம் குறைவு.

அளவுகோல்:

என் கணக்கில் அவர்களுக்கு இடம் உண்டு. டயகோரஸ் காணவில்லை என்று சொன்ன படங்கள் அவர்களுடையவை.