குளிர்கூட இல்லை, நடுவில் வந்த வெயில்தான்: பொன்சாய் வளர்ப்பவர்களின் குளிர்கால அனுபவங்கள்

தொட்டியில் குட்டையாக வைத்துப் பதினோரு வருடமாக வளர்த்த ஜப்பானிய மேப்பிள் மரம் ஒன்று போன குளிர்காலத்தில் போய்விட்டது. கிளை ஒடியவில்லை, பட்டை வெடிக்கவில்லை. வேர் மட்டும் செத்திருந்தது. எங்கே தவறினேன் என்பது யோசித்து யோசித்து இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

குளிர்காலத்தின் முன்பாதியில் ஒரு தொந்தரவும் இல்லை. இரவில் மைனஸ் 5, மைனஸ் 6 வரை போனது. மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெளியே மேசைமேல் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பத்து நாள் நல்ல வெயில், பகலில் 15, 16 டிகிரி. மேப்பிளின் மொட்டுகள் சிவந்து பருத்தன. அதைப் படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன், எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள் என்று! பதினோராம் நாள் இரவு மைனஸ் 8. மைனஸ் 6ஐத் தாங்கிய மரம்தானே, இன்னும் இரண்டு டிகிரியில் என்ன ஆகிவிடும் என்று தூங்கப் போனேன்.

வசந்தத்தில் துளிர்க்கவும் செய்தது, அதுதான் கொடுமை. கிளையில் சேமித்திருந்ததை வைத்து இலை விட்டது. மூன்று வாரத்தில் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் கறுப்பு. விரலால் இழுத்தால் தோல் கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது.

எனக்குப் புரிந்தது இதுதான். மரம் குளிருக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பழக்கம் கலைய சில நாள் வெயில் போதும். உறக்கத்தின் முதல் கட்டத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் மரம் விழிக்காது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கும். 0 முதல் 7 டிகிரிக்குள் போதிய நேரம் கழிந்ததும் (பல மரங்களுக்கு ஏறத்தாழ 1000 மணி நேரம் என்பார்கள்) அந்தத் தாழ்ப்பாள் தானாகக் கழன்றுவிடும். அதன்பின் மரத்தைத் தூங்க வைத்திருப்பது வெளிக்குளிர் மட்டும்தான். என் பத்து நாள் வெயில் சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது. இதே வெயில் முன்பாதியில் வந்திருந்தால் மரம் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

இன்னொன்று, கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. மேப்பிளின் கிளை மைனஸ் 20 வரை சமாளிக்கும். வேரோ மைனஸ் 10ஐ நெருங்கும்போதே சாகத் தொடங்கும், இளம் வேர் அதற்கும் முன்பே. நிலத்தில் இருந்தால் மண் போர்த்திக் காக்கும். மேசைமேல் இருக்கும் ஆழமில்லாத தொட்டிக்கு எல்லாப் பக்கமும் காற்று.

*

உங்கள் மரத்தைக் குளிர் கொன்றது. என் ஜூனிபரை (குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ஊசியிலை மரம்) நான் கொடுத்த பாதுகாப்பே கொன்றது.

பிளாஸ்டிக் தாள் போர்த்திய சின்னப் பசுமைக்குடில் ஒன்று வாங்கி எல்லாத் தொட்டிகளையும் அதற்குள் அடுக்கினேன். பெரிய சாதனை செய்தது போல இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் உச்சமும் தாழ்வும் காட்டும் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டேன். வெளியே பகலில் 4 டிகிரி, உள்ளே 25. இரவில் வெளியே மைனஸ் 7, உள்ளே மைனஸ் 6. அந்த மெல்லிய தாள் பகல் வெயிலைப் பிடித்து உள்ளே அடைக்கிறது, இரவில் அதை வைத்திருக்க முடிவதில்லை. ஆக, வெளியே 11 டிகிரி ஏற்ற இறக்கம் இருந்தால், காசு கொடுத்து அதை 31 ஆக்கி மரத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

இலையுதிரும் மரத்தைவிட ஊசியிலை மரத்துக்கு இது மோசம். வெயில் பட்டு இலை விழித்துத் தண்ணீர் கேட்கிறது, கீழே வேர்மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், மரம் குளிர்காலத்தில் தாகத்தால் சாகிறது. இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு: செத்த ஜூனிபர் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். வசந்தத்தில் இலை பழுப்பேறியதைப் பார்த்து அப்போது ஏதோ நோய் வந்தது என்று மருந்தெல்லாம் அடித்தேன். அது செத்து எத்தனை நாள் ஆகியிருந்ததோ.

புதியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிரில் ஜூனிபர் கொஞ்சம் செம்பு நிறமாகவோ ஊதாவாகவோ மாறினால் பதற வேண்டாம், அது இயல்பு. வெப்பம் ஏறினால் பச்சை திரும்பிவிடும். நான் முதல் வருடம் அதைப் பார்த்துப் பயந்து ஒரு மரத்தைச் சூடான அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். அது தனிக் கதை, சொல்லும்படி இல்லை.

*

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் "வெயில் வந்தால் வெளியே, குளிர் வந்தால் உள்ளே" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அதைச் செய்தேன். முப்பது தொட்டி, காலையில் வெளியே, மாலையில் கார் ஷெட்டுக்குள். மரங்களுக்கு என்ன ஆனதோ, எனக்கு இடுப்பு போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, மரங்களுக்கும் நல்லது நடக்கவில்லை. தினமும் வெயில் காட்டி அவற்றை நானே எழுப்பிவிட்டேன். பக்கத்தில் ஒருவர் தன் மரங்களை உள்ளேயே போட்டு வைத்திருந்தார், அவருடையது என்னுடையதைவிட மூன்று வாரம் தாமதமாகத் துளிர்த்தது. அந்த மூன்று வாரத்துக்குள் இரண்டு உறைபனி வந்து என் துளிரைக் கருக்கின.

உறங்கும் மரத்தை நகர்த்தாதீர்கள். ஹீட்டர் இல்லாத ஷெட், வெயில் படாத பக்கம், 0 முதல் 5 டிகிரிக்குள் நின்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. இலையில்லாத மரத்துக்கு அங்கே வெளிச்சமே தேவைப்படாது. ஊசியிலை மரங்களுக்கு மட்டும் ஜன்னலோரம் கொடுங்கள். இலை விரிந்த பிறகு கதை வேறு: அப்போது உறைபனி இரவுகளில் உள்ளே, பகலில் வெளியே என்று தூக்கித்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. இடுப்பை அந்த ஒரு மாதத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். குளிர் வரப்போகிறது என்று மண்ணைக் காயவிடுகிறார்கள். ஈரமண்தான் பாதுகாப்பு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும், ஒரு கிலோவுக்கு 334 கிலோஜூல். அதனால் மண்ணில் உள்ள தண்ணீர் முழுக்க உறைந்து முடியும்வரை மண் 0 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒரே ஒரு கடும் இரவு என்றால் அதற்குள் விடிந்துவிடும். காய்ந்த மண்ணில் அந்தக் கையிருப்பு இல்லை, நேரே கீழே இறங்கிவிடும். ஈரம் என்றால் ஈரம்தான், சொதசொதவென்று தேங்கக்கூடாது. தேங்கிய தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். வாய் உள்நோக்கி வளைந்த தொட்டியாக இருந்தால் விரிவதற்கு இடம் இருக்காது, தொட்டி பிளந்துவிடும். எனக்கு மரத்தைவிடத் தொட்டி போனதுதான் அதிக வருத்தம், உண்மையைச் சொல்கிறேன்.

*

யாரும் எலியைப் பற்றிச் சொல்லவில்லையே? தொட்டிகளைத் தரையில் இறக்கி, சுற்றிலும் மரப்பட்டைத் துண்டு போட்டுக் கனமாக மூடாக்கு வைத்தேன். எலிக்கும் அது மெத்தையாகிவிட்டது. உள்ளேயே குடியிருந்து லார்ச் ஒன்றின் அடிப்பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டது. எந்தக் குளிருக்கும் அசையாத மரம், எலிக்குப் போனது. தண்டைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை வையுங்கள்.

அப்புறம், மாலை வெயில் நேராக அடிக்கும் பக்கத்தில் தண்டை நிழலில் வையுங்கள். பட்டை மெல்லிய மரங்களில் வெயில் பட்ட பக்கம் சூடாகி விழித்துக்கொள்ளும், சூரியன் இறங்கியதும் சட்டென உறையும். என் டிரைடண்ட் மேப்பிளில் அந்தப் பக்கம் மட்டும் நெடுக வெடித்தது. தழும்பு மறைய எத்தனை வருடம் ஆகுமோ.

*

கேள்வி: என்னிடம் ஃபைகஸ் மட்டும்தான் இருக்கிறது. அதையும் ஷெட்டில் வைக்கலாமா?

*

வேண்டவே வேண்டாம்! ஃபைகஸ் வெப்பமண்டல மரம், அதற்கு உறக்கமே கிடையாது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் வீட்டுக்குள், நல்ல வெளிச்சமான ஜன்னல் பக்கம். வந்த புதிதில் கொஞ்சம் இலை கொட்டும், கண்டுகொள்ளாதீர்கள். இரவில் ஜன்னல் கண்ணாடியில் இலை ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாங்கள் பேசுவதெல்லாம் குளிர் தேவைப்படும் மரங்களைப் பற்றி.

*

மேப்பிளைப் பறிகொடுத்து இந்தப் பேச்சைத் தொடங்கியவன்தான். எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். புதிதாக ஒரு மேப்பிள் வந்திருக்கிறது. அதை மேசையிலிருந்து இறக்கி, வெயில் எட்டாத சுவரோரம் வெறும் தரையில் வைத்து, தொட்டி விளிம்புக்கு மேலேயும் மூடாக்கு போட்டிருக்கிறேன். கீழேயிருந்து பூமியின் சூடு கொஞ்சம் ஏறும் என்பதால் நடுவில் பலகை, செங்கல் எதுவும் வைக்கவில்லை. காற்றின் வெப்பநிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கம்பி முனை உள்ள தெர்மாமீட்டரை மண்ணுக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாக மறுபடி அதே போல வெயில். நேற்று மதியம் காற்றில் 14 டிகிரி, தொட்டி மண்ணில் 4. மொட்டு இன்னும் இறுக்கமாக மூடியபடி இருக்கிறது. எலி நினைவே இல்லை எனக்கு. கம்பிவலை வாங்கிவந்துவிட்டேன், இருட்டுவதற்குள் சுற்றிவிட வேண்டும்.