பழைய பிஎஸ்டி கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது பாதியில் நிற்கிறது, தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ????

பழையபெட்டி:
வணக்கம். அவுட்லுக் 2002 அஞ்சல் செயலியில் சேர்த்துவைத்த மூன்று பிஎஸ்டி கோப்புகள் (அஞ்சல்களைச் சேமித்துவைக்கும் கோப்பு) சிடியில் இருக்கின்றன. பெரியது 1.82 ஜிபி. இவற்றை அவுட்லுக் 2016-க்குக் கொண்டுவர வேண்டும். சிக்கல்கள் மூன்று:

1. வன்தட்டில் நகலெடுத்த பிறகும் கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை என்கிறது.
2. சின்னக் கோப்பு ஒன்று எப்படியோ திறந்தது. ஆனால் இம்போர்ட் பாதியில் பிழை காட்டி நின்றுவிடுகிறது.
3. திறந்த கோப்பில் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் ???? என்று தெரிகின்றன. புது வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

கோப்புத்தச்சன்:
முதல் சிக்கல் எளிது. சிடியிலிருந்து எடுத்த கோப்புக்கு 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும்) குறி ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். வெறுமனே படிக்கத் திறந்தாலும் அவுட்லுக் பிஎஸ்டிக்குள் ஏதாவது எழுதும், எழுத முடியாவிட்டால் திறக்க மறுக்கும். ப்ராபர்ட்டீஸில் போய் அந்தக் குறியை நீக்குங்கள். கோப்பு உள்ளூர் வன்தட்டில்தான் இருக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவும் வேண்டாம், மேகக்கணியோடு ஒத்திசையும் ஃபோல்டரும் வேண்டாம். இரண்டிலும் கோப்பு பூட்டிக்கொள்ளும், பழுதாகவும் வாய்ப்புண்டு.

அடுத்து, கோப்பு உண்மையிலேயே பழைய வடிவமா என்று உறுதிசெய்யுங்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸ் > டேட்டா ஃபைல்ஸ் > செட்டிங்ஸ் போனால் வடிவத்தில் '97-2002' என்று போட்டிருக்கும். திறக்கவே மறுக்கும் கோப்பு என்றால் ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் செயலி) பாருங்கள். முதல் பைட்டை 0 என்று எண்ணினால் 10-ஆம் பைட்டில் 14 அல்லது 15 இருந்தால் பழைய ஆன்சி வடிவம் (சில மொழி எழுத்துகளை மட்டும் தாங்குவது), 23 இருந்தால் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் புது வடிவம்). ஹெக்ஸ் எண்ணாகப் பார்க்கையில் அந்த 14, 15, 23 மூன்றும் முறையே 0E, 0F, 17 என்று தெரியும், குழம்ப வேண்டாம்.

ஆன்சி பிஎஸ்டியை இருந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்ற வழியே கிடையாது. உள்ளமைப்பே வேறு. புதிதாக ஒரு யூனிகோட் பிஎஸ்டி உருவாக்கி அதற்குள் நகலெடுப்பதுதான் வழி. பழையதற்கு 2 ஜிபி வரம்பு. யூனிகோட் பிஎஸ்டிக்கு அவுட்லுக் 2003, 2007-இல் இயல்பாக 20 ஜிபி, 2010 முதல் 50 ஜிபி.

இம்போர்ட் நிற்பது பெரும்பாலும் உள்ளே பழுதான உருப்படி இருப்பதால்தான். இந்த வரிசையில் செய்யுங்கள்:

அ) மூலக் கோப்பைத் தனியே எடுத்து வையுங்கள். வேலை எல்லாம் நகலில்தான்.
ஆ) அவுட்லுக்கை மூடிவிட்டு, பிஎஸ்டியைப் பழுதுபார்க்கும் ஸ்கேன்பிஎஸ்டி கருவியை அந்த நகல்மீது ஓட்டுங்கள். ஆஃபீஸ் நிறுவிய ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை ஓட்டி விட்டுவிடாதீர்கள், பிழை இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும்.
இ) நியூ ஐட்டம்ஸ் > மோர் ஐட்டம்ஸ் > அவுட்லுக் டேட்டா ஃபைல். வகை கேட்டால் '97-2002' என்று இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். இங்கே தவறினால் செய்த வேலை அத்தனையும் வீண்.
ஈ) பழைய கோப்பையும் திறந்து, ஃபோல்டர் ஃபோல்டராக வலது சொடுக்கி 'காப்பி ஃபோல்டர்' கொடுங்கள். 'மூவ்' வேண்டாம். நடுவில் நின்றால் எது போயிற்று, எது போகவில்லை என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இம்போர்ட் வழியாகவே போவதென்றால் 'டூ நாட் இம்போர்ட் டூப்ளிகேட்ஸ்' தேர்ந்தெடுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஓட்டலாம். சேருமிடம் புது பிஎஸ்டிதானா என்று இரண்டு தடவை பாருங்கள். அங்கே ஐமேப் கணக்கு (அஞ்சலைச் சர்வரோடு ஒத்திசைக்கும் கணக்கு) தேர்வாகியிருந்தால் பழைய அஞ்சல் முழுவதும் சர்வருக்கு ஏறி ஒதுக்கீட்டை நிரப்பிவிடும்.

பழையபெட்டி:
நன்றி. குறியை எடுத்ததும் மூன்றும் திறந்தன. ஸ்கேன்பிஎஸ்டியும் இப்போது பிழை இல்லை என்கிறது. ஆனால் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் காப்பி ஆகும்போது நிற்கிறது.

கோப்புத்தச்சன்:
அந்த ஃபோல்டரைத் தேதிப்படி அடுக்கிப் பாதியை மட்டும் தேர்ந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி புது ஃபோல்டருக்கு இழுத்துவிடுங்கள். போனால் பழுது மறுபாதியில் இருக்கிறது. நின்றால் அந்தப் பாதியையே மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். 4,000 அஞ்சல் இருந்தாலும் பன்னிரண்டு சுற்றில் பழுதானதைப் பிடித்துவிடலாம். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகலெடுங்கள்.

முடித்ததும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ப்ராபர்ட்டீஸ் போய் மொத்த உருப்படி எண்ணிக்கை காட்டும்படி மாற்றி, இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அளவை ஒப்பிட வேண்டாம். யூனிகோடில் உரை இரண்டு பைட் வீதம் சேமிக்கப்படுவதால் புதுக் கோப்பு கொஞ்சம் பருத்திருக்கும், அது இயல்பு. தேடலில் அஞ்சல் வரவில்லை என்றாலும் பதறாதீர்கள், இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) உருவாகி முடியும்வரை தேடல் முடிவு அரைகுறையாகத்தான் இருக்கும்.

மூன்றையும் ஒரே கோப்பில் சேர்க்க இடம் தாராளமாக இருக்கிறது. ஆனாலும் தனித்தனியாக வைப்பதே மேல், ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் தப்பும்.

எழுத்துரு:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வடிவத்தை மாற்றினால் ???? சரியாகாது. பழைய பிஎஸ்டி தலைப்பை விண்டோஸின் ஆன்சி குறிப்பக்கத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்) சேமிக்கும். தமிழுக்கு அப்படி ஒரு குறிப்பக்கமே விண்டோஸில் இல்லை. அதனால் அஞ்சல் வந்து சேர்ந்த அன்றைக்கே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறி எழுதப்பட்டுவிட்டது. புதுக் கோப்புக்குப் போவதும் அதே கேள்விக்குறிதான்.

ஆனால் வந்த அஞ்சல்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அஞ்சலைத் தனிச் சாளரத்தில் திறந்து ஃபைல் > ப்ராபர்ட்டீஸ் போய் 'இன்டர்நெட் ஹெட்டர்ஸ்' பெட்டியை (அஞ்சலோடு வந்த தலைப்பு, அனுப்புநர், வழி முதலிய விவரங்கள்) பாருங்கள். அதில் சப்ஜெக்ட் வரி =? என்று தொடங்கி ?= என்று முடியும் துண்டுகளாக இருக்கும். யுடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) தலைப்பை வெறும் ஆஸ்கி எழுத்தாக (அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மடித்து அனுப்பிய வடிவம் அது. ஆஸ்கி என்பதால் பழைய பிஎஸ்டியிலும் சேதமில்லாமல் இருக்கிறது. நடுவில் 'பி' (B) இருந்தால் பேஸ்64, 'க்யூ' (Q) இருந்தால் கோட்டட் பிரிண்டபிள், இரண்டும் அப்படி மடிக்கும் முறைகள். அதற்கேற்ற டிகோடரில் போட்டால் தமிழ் அப்படியே திரும்பிவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, அதனால் நீளமான தலைப்பு பல துண்டாக உடைந்திருக்கும். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். சில அஞ்சல் செயலிகள் அந்த மூன்றையும் இரு துண்டுகளில் பிரித்துப் போட்டுவிடும். துண்டு துண்டாக எழுத்தாக்கினால் ஓரத்தில் குப்பை வரும். எல்லாத் துண்டையும் பைட்டுகளாக்கி, ஒட்டி, அதன் பிறகு யுடிஎஃப்-8 ஆகப் படியுங்கள்.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, எச்டிஎம்எல் அஞ்சல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெற்று உரை அஞ்சல்களில்தான் இழப்பு அதிகம்.

பழையபெட்டி:
ஹெட்டரில் இருக்கிறது! பல தலைப்புகள் கிடைத்துவிட்டன. நான் அனுப்பியவற்றில் மட்டும் அந்தப் பெட்டி காலியாக இருக்கிறது. இணைப்புகளின் பெயரும் ???? தான். இன்னும் பழைய சில அஞ்சல்களில் தமிழுக்குப் பதில் கொம்பு வைத்த ரோமன் எழுத்துகளாக வருகிறது.

எழுத்துரு:
அனுப்பியவை சர்வர் வழியாகத் திரும்பி வரவில்லை, அதனால் ஹெட்டர் இருக்காது. அதற்கு யாராவது பதில் எழுதியிருந்தால் அந்தப் பதிலின் ஹெட்டரில் உங்கள் தலைப்பு 'ரீ' சேர்ந்து நிற்கும், அதிலிருந்து எடுங்கள். இணைப்பின் பெயர் இந்தப் பெட்டியில் வராது. அது அஞ்சலின் உட்பகுதி ஹெட்டரில் இருப்பது, அவுட்லுக் அதை அப்படியே வைத்திருப்பதில்லை. கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சேதமில்லை, சேமிக்கும்போது பெயர் கொடுத்துக்கொள்ளுங்கள்.

ரோமன் எழுத்துகளாக வருபவை யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி அல்லது டாப் குறியாக்கமாக இருக்கும். இவற்றில் எழுத்து தொலையவில்லை, பைட்டுகள் இருக்கின்றன. உரையை நகலெடுத்துத் திஸ்கி-யூனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். குளறுபடியாக வந்தால் டாப் என்று மாற்றிப் பாருங்கள். மாற்றிய உரையைப் பழைய அஞ்சலின் மேல் எழுதிவிடாமல் தனி உரைக் கோப்பாகச் சேமியுங்கள். மாற்றும் கருவி ஏதாவது எழுத்தைத் தவறவிட்டிருந்தால் திரும்பப் பார்க்க அந்த மூல பைட்டுகள்தான் வேண்டும்.