மடலில் வைத்த இணைப்பு சிவப்புத் திரையில் முடிந்த கதை

வெள்ளவத்தையிலிருந்து:

தை மாத மின்மடலை அனுப்பிய மறுநாள் காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவர், ஓய்வு பெற்ற ஆசிரியை. "தம்பி, நீங்கள் அனுப்பிய கட்டுரையைத் தொட்டேன், திரை முழுக்கச் சிவப்பாகி எச்சரிக்கை வந்துவிட்டது. என் வங்கிக் கணக்குக்கு ஏதும் நடந்துவிடுமா?" என்றார். குரல் நடுங்கியது. மாதாமாதம் 140 பேருக்கு வீட்டிலிருந்தே நான் தயாரிக்கும் மடல் அது. அதை ஒருவர் அச்சத்தோடு திறக்க நேர்ந்ததே என்று எனக்குப் பொறுக்கவில்லை. காலி வீதியைக் கடந்து அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

அவருடைய கணினியில் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தோம். தமிழ்ச் சங்கத்துச் சொற்பொழிவு அறிவிப்பு ஒழுங்காகத் திறந்தது. 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்தில் இருந்த பழைய சஞ்சிகைக்கு நான் கொடுத்த இணைப்புத்தான் சிவந்தது. நூலகம் தளத்தில் ஒரு குறையும் இல்லை. நேரே முகவரியைத் தட்டினால் உடனே திறந்தது. நீண்ட முகவரியைக் குறுக்க இடையில் நான் செருகிய சுருக்கு இணைப்புத்தான் கோளாறு.

ஏன் சுருக்கினேன் என்றும் சொல்ல வேண்டும். தமிழில் அமைந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக உருமாறிவிடும். 'நூலகம்' என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஆறு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆக ஒரே சொல் 54 எழுத்தாக நீள்கிறது. பார்க்கச் சகிக்காது என்று இலவசச் சேவை ஒன்றில் சுருக்கிவிட்டேன். அந்தச் சேவையின் தள முகவரியை ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரும் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் ஒரு மோசடிக்காரன் தன் பக்கத்தை அதன் பின்னால் ஒளித்தால் போதும், ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் அந்த முகவரி முழுவதுமே ஏறிவிடலாம். பிறகு அதன் வழியாகப் போகும் நல்ல இணைப்பும் சேர்ந்து அடிபடுகிறது.

திருத்தும்போது இன்னொரு பிழையும் விட்டேன். கண்ணுக்கு அழகான சிறிய முகவரியை எழுதி, உள்ளே வேறு நீண்ட முகவரியை வைத்தேன். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்பது மோசடி மடல்களின் கைவரிசை. மோசடி மடல்களைப் பிடிக்கும் வடிகட்டிகள் அதைத்தான் தேடுகின்றன. மடல் அனுப்பும் சேவையில் எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள் என்று எண்ணும் வசதியும் இதே வேலையைச் செய்கிறது: நம் முகவரியை மாற்றித் தன் முகவரியை நுழைக்கிறது. அதை நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை தெரியாமல் போனால் போகட்டும், வாசகரின் நிம்மதி எனக்குப் பெரிது. இப்போது 'பழைய சஞ்சிகையை வாசிக்க' என்று தமிழிலேயே எழுதி, அதன் பின்னால் முழு முகவரியை அப்படியே வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எங்கள் கோயில் மடலில் சிவப்பு ஒன்றும் வரவில்லை, தொட்டால் எதுவுமே நடக்கவில்லை. வேர்டில் எழுதி ஒட்டியபோது முகவரியின் தலையில் இருக்க வேண்டிய 'எச்டிடிபிஎஸ்' (https://) விழுந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும் பெரியம்மா ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை. இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டேன். அவருடைய அவுட்லுக்கில் மடல் குப்பைப் பெட்டியில் கிடந்திருக்கிறது; அங்கே கிடக்கும்வரை இணைப்புகள் செயலிழந்தே இருக்கும். உள்பெட்டிக்கு மாற்றியதும் திறந்துவிட்டது.

தெஹிவளையிலிருந்து:

குப்பைப் பெட்டிக்குப் போவதற்கே பெரும்பாலும் வேறு காரணம் உண்டு. சொந்த டொமைனிலிருந்து, அதாவது சொந்த இணையப் பெயரிலிருந்து அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப் (நம் பெயரில் மடல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி என்ற பட்டியல்), டிகேஐஎம் (மடல் நம்முடையதுதான் என்று காட்டும் மின்முத்திரை) பதிவுகளைப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) சேர்த்து வேண்டும். நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். நான் இரண்டையும் போட்டுவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து:

நன்றி தம்பி, டிகேஐஎம் என்னிடம் இல்லை, இன்றே பார்க்கிறேன். தங்கச்சி சொன்ன குப்பைப் பெட்டி விஷயம் எனக்குப் புதிது. ஒன்று விட்டுப்போயிற்று: 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலின் வாலை ஜிமெயில் வெட்டி மறைத்துவிடும். கடைசியில் வைத்த இணைப்புகள் அதோடு போய்விடும். அதனால் முக்கியமானவற்றை மேலே வைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு மடலையும் முதலில் அந்த டீச்சருக்குத்தான் அனுப்புகிறேன். அவர் எல்லா இணைப்புகளையும் தொட்டுப் பார்த்து, "எல்லாம் திறக்கிறது தம்பி" என்று அழைத்துச் சொன்ன பிறகுதான் மற்ற 139 பேருக்கும் போகிறது.